இதழியல் துறைகள் ஊருக்குச் செய்தி சொல்லட்டும்

1908 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி திறக்கப்பட்டது. வகுப்புகள் தொடங்கிய அதே நாளில் மாணவர்கள் தயாரித்த செய்தித்தாளும் வெளிவந்தது. ‘யுனிவர்சிட்டி மிசௌரியன்’ என்ற அந்தத் தாள் கல்லூரி விழாக்களைப் பற்றிய செய்திமடல் அல்ல. கொலம்பியா என்ற அந்த ஊரின் நகர்மன்றம், நீதிமன்றம், சந்தை என்று எல்லாவற்றையும் எழுதிய, ஊர்மக்களுக்கான பத்திரிகை அது. பள்ளியைத் தொடங்கிய வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் பட்டம் பெறாதவர். சிறுவயதில் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பத்திரிகை ஆசிரியராக உயர்ந்தவர். ‘கொலம்பியா மிசௌரியன்’ என்ற பெயரில் அந்தத் தாள் இன்றும் வருகிறது. செய்தி சேகரிப்பவர்கள் மாணவர்கள், திருத்துபவர்கள் ஆசிரியர்கள்.

இந்த எண்ணம் சென்னைக்கும் புதிதல்ல. 1920-இல் அடையாறில் அன்னி பெசன்ட் அம்மையார் தேசியப் பல்கலைக்கழகத்தின் கீழ் இதழியல் படிப்பைத் தொடங்கியபோது, மாணவர்களைத் தான் நடத்திய ‘நியூ இந்தியா’ பத்திரிகைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். இந்தியாவில் இதழியலைப் பாடமாக்க நடந்த முதல் முயற்சியாக அதைத்தான் சொல்கிறார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம் 1938-இல் ஒரு படிப்பைத் தொடங்கி இரண்டே ஆண்டுகளில் நிறுத்தியது. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-இல் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகமும் இதழியல் படிப்பைத் தொடங்கிவிட்டது. இன்று மதுரை காமராசர், மனோன்மணியம் சுந்தரனார், பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களில் இதழியல், தொடர்பியல் துறைகள் இருக்கின்றன. கலைக் கல்லூரிகளில் விஸ்காம் எனப்படும் காட்சித் தொடர்பியல் படிப்பு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்தத் துறைகளில் எத்தனை, தாம் இருக்கும் ஊருக்கு வாரம் ஒருமுறையாவது செய்தி சொல்கின்றன? துறைக்குள் சுற்றுக்கு விடும் ‘ஆய்வக இதழ்’ பெரும்பாலான இடங்களில் உண்டு. மதிப்பெண்ணுக்காக எட்டுப் பக்கம் அச்சிட்டு, துறைத் தலைவரின் அலமாரிக்குள் போய்விடும் இதழ் அது. அதில் பெயர் தவறாக வந்தால் யாரும் போன் செய்து சண்டை போடப் போவதில்லை. படிக்கும் ஊர்மக்கள் என்று யாரும் இல்லாத இடத்தில் மூன்று ஆண்டுகள் எழுதிப் பழகிய மாணவர், வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் திணறுகிறார். ஒவ்வொரு இதழியல் துறையும் தன் மாவட்டத்துக்கு ஒரு செய்தி நிறுவனமாக இயங்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. அச்சில் வரலாம், வானொலியாகலாம், யூடியூப் சேனலாகவும் இருக்கலாம். ஊர் அதைப் பார்க்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும்.

கோட்பாடுகள் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். இன்றைய தேர்வுத்தாளில் லாஸ்வெல்லின் தொடர்பு மாதிரியை விளக்கு, ஷானன்-வீவர் மாதிரியைப் படம் வரைந்து பாகம் குறி என்று கேள்வி வருகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். மெக்கோம்ப்ஸ், ஷா இருவரின் நிகழ்ச்சிநிரல் அமைத்தல் கோட்பாட்டை எடுத்துக்கொள்வோம். 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் பேசி, அவர்கள் முக்கியம் என்று சொன்ன பிரச்சினைகளையும் ஊடகங்கள் பெரிதாக்கிய பிரச்சினைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுந்த கோட்பாடு அது. மதுரையில் ஒரு வகுப்பு இதைத் திரும்பச் செய்வதற்கு என்ன தடை? தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரங்களின் தினத்தந்தி, தினமணி, தினகரன், இந்து தமிழ் திசை முதல் பக்கங்களை நூலகத்தில் உட்கார்ந்து வகைப்படுத்தட்டும். பிறகு செல்லூரிலும் வில்லாபுரத்திலும் வீடு வீடாகப் போய்க் கேட்கட்டும். அந்த முடிவை ஊர் அறிய வெளியிடட்டும். கோட்பாடும் விளங்கும், ஊருக்கும் ஒரு நல்ல கட்டுரை கிடைக்கும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருக்கின்றன. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். இவற்றில் நிருபர் ஒருவர் முழுநேரமும் உட்கார்ந்து கேட்கும் கூட்டங்கள் மிகக் குறைவு. அமைச்சரோ ஆட்சியரோ கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு மட்டும் கேமராக்கள் போகின்றன. மறுநாள் நாளிதழில் வருவது, மக்கள் தொடர்பு அலுவலகம் அனுப்பிய செய்திக்குறிப்பு.

ஒரு மாணவி அங்கே போய் உட்கார்ந்தால் என்னென்ன கற்றுக்கொள்ள முடியும் என்று பாருங்கள். முதலில் தலைகளை எண்ண வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பு இருக்கிறது. கூட்டத்தில் இருப்பவர்களை எண்ணிவிட்டு, வருகைப் பதிவேட்டில் எத்தனை கையெழுத்து என்று கடைசியில் கேட்டாலே ஒரு செய்தி கிடைக்கலாம். ஊராட்சிச் செயலர் வரவு செலவு வாசிக்கும்போது எந்த வரியை வேகமாகக் கடக்கிறார் என்று கவனிக்க வேண்டும். குடிநீர் பற்றிப் பெண்கள் எழுந்து பேசும்போது, “தண்ணி வரல” என்ற புகாரோடு நின்றுவிடாமல் தொட்டி இயக்குபவரைத் தேடிப் போக வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவு தொட்டியிலேயே எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 30,000 லிட்டர் தொட்டி, நாளுக்கு இரண்டு முறை நிரப்புகிறார்கள், அதை நம்பி 1,500 பேர் என்றால், தலைக்கு 40 லிட்டர். மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் நிர்ணயித்தது தலைக்கு 55 லிட்டர். மேட்டுத் தெருவுக்கு அந்த 40-ம் போய்ச் சேர்கிறதா, காலனித் தெருவின் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று ஒரு வாரம் போய்க் குறித்துக்கொண்டு வந்தால், ‘குடிநீர் கேட்டு சாலை மறியல்’ என்ற நான்கு வரிச் செய்திக்குப் பின்னால் இருக்கும் உண்மை முழுதாக வெளிவரும்.

இதற்கு ட்ரோன் வேண்டாம், ஸ்டூடியோ வேண்டாம். பெருக்கல் வகுத்தல் வேண்டும், பொறுமை வேண்டும், மாணவர்களை ஏற்றிப் போக ஒரு கல்லூரிப் பேருந்து வேண்டும்.

ஆவணம் கேட்டுப் பெறுவதும் அப்படித்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் குறிப்பு எழுதாத இதழியல் மாணவர் இருக்க மாட்டார். மனு போட்டுப் பதில் வாங்கியவர்கள் எத்தனை பேர்? பத்து ரூபாய்க் கட்டணம், பதில் தர முப்பது நாள் கெடு, பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ஒரு பருவத்துக்குள் இரண்டையும் முடித்துவிடலாம். அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மாற்றி எழுதியதையும், தனிநபர் தகவல் என்று காரணம் காட்டி அதிகாரிகள் இனி எதையெல்லாம் மறுக்கலாம் என்பதையும் மனு போட்டுப் பார்த்தவரால் உடனே புரிந்துகொள்ள முடியும். ஊடகப் பணிக்கு அந்தச் சட்டத்தில் தனி விலக்கு இல்லை என்பது பாடத்திட்டத்தில் தடித்த எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம்.

சட்டப் பாடத்தையே புதிதாக எழுத வேண்டிய காலம் இது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது. அவதூறுக்கு 499 என்று படித்த தலைமுறை இப்போது 356-ஐப் படிக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது அதே சட்டத்தின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் குழந்தையாக இருந்து, அடையாளம் வெளியானால், போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவு குறைந்தது ஆறு மாதச் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பெயரைச் சொல்லாமல், தெருவையும் பள்ளியையும் தந்தையின் தொழிலையும் சொல்லிவிட்டால் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இதை மனப்பாடத்தால் கற்றுக்கொள்ள முடியாது. தன் செய்தியில் இருக்கும் ஒரு வரியை ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து, ஏன் அடித்தேன் என்று சொல்லும்போதுதான் மனதில் பதியும். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் மே மாதத்தில் தற்கொலைச் செய்திகளை எப்படி எழுதுவது என்பதும் இதே வகைதான். இந்திய பத்திரிகை கவுன்சில் 2019-இல் நெறிமுறைகளை ஏற்றது: முறையை விவரிக்கக் கூடாது, பரபரப்பான தலைப்பு கூடாது, உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். 104 என்ற உதவி எண்ணைச் செய்தியின் அடியில் போட்டுவிட்டு, மேலே முறையை விலாவாரியாக எழுதும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதை ஒழிக்கப் போவது இப்போது வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

மொழிக்கு வருவோம். பெரும்பாலான துறைகளில் பாடநூல் ஆங்கிலம், விரிவுரை ஆங்கிலம் கலந்த தமிழ், தேர்வு ஆங்கிலம், கிடைக்கப்போகும் வேலையோ பெரும்பாலும் தமிழ். தமிழ் இலக்கிய மாணவர்கள் இதழியலை ஒரு தாளாகப் படிக்கிறார்கள், மா.பா. குருசாமியின் ‘இதழியல் கலை’ போன்ற நூல்கள் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆனால் அந்தத் தாள் பெரும்பாலும் வரலாற்றோடு முடிந்துவிடுகிறது. தமிழில் செய்தி எழுதுவதற்கென்று ஒரு மரபு இருக்கிறது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய சுதேசமித்திரனில் 1904-இல் பாரதி உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே ஆங்கிலச் செய்திகளை நாள்தோறும் தமிழாக்கிப் பழகிய கை அது. 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார். தன் செய்தியாளர்களுக்காக ஒரு கையேடே எழுதினார். இந்த உழைப்பை ஒரு பருவம் முழுக்கப் பாடமாக வைக்கலாம். 2004-இல் கொழும்பில் தொடங்கப்பட்ட இலங்கை இதழியல் கல்லூரி சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் டிப்ளமா நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் 2025-இல் அரசின் உதவியோடு சென்னை கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனம் திறக்கப்பட்டிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்தால் தேனிக்கும் தருமபுரிக்கும் நிருபர்களை உருவாக்கித் தர முடியாது. அந்த வேலையை அங்கங்கே இருக்கும் பல்கலைக்கழகங்கள்தான் செய்ய வேண்டும்.

வதந்தியைச் சரிபார்க்கவும் உள்ளூர் நிருபர்கள் வேண்டும். 2023 மார்ச்சில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலத்தில் நடந்தவை, வேறு காரணத்துக்காக நடந்தவை என்று பின்னர் தெரியவந்தது. அதற்குள் திருப்பூரிலும் கோவையிலும் தொழிலாளர்கள் பயந்துபோனார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, வழக்குகள் பதிவாயின. யூடர்ன், ஆல்ட் நியூஸ் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் உழைத்தன. அந்த வாரத்தில் திருப்பூரைச் சுற்றியுள்ள கல்லூரிகளின் விஸ்காம் மாணவர்கள் கேமராவோடு பனியன் கம்பெனிகளின் வாசலுக்குப் போய், இந்தி தெரிந்த ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு, தொழிலாளர்களிடம் நேரில் பேசி வெளியிட்டிருந்தால் எவ்வளவு பயன்பட்டிருக்கும்! வீடியோவின் ஒரு சட்டகத்தை எடுத்துத் தேடுவது, பின்னணியில் தெரியும் கடைப் பலகையின் எழுத்தைப் படிப்பது, வண்டி எண்ணின் மாநிலக் குறியீட்டைப் பார்ப்பது — எல்லாம் ஒரு பிற்பகலில் கற்றுத் தரக்கூடியவை. உள்ளூரில் நம்பகமான ஒரு குரல் முன்பே இருந்தால்தான் அந்தச் சரிபார்ப்பை மக்கள் ஏற்பார்கள்.

வானொலியில் தமிழ்நாடு இந்தியாவுக்கே வழிகாட்டியிருக்கிறது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாக வானொலி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுதான். 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ தொடங்கப்பட்டது. காற்றின் வேகம், கடலின் நிலை, மீன்வளத் துறை அறிவிப்பு என்று கரையிலிருந்து கடலுக்குப் பேசுகிற வானொலி. ஆனால் இவற்றுக்கு ஒரு விலங்கு பூட்டப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் கொள்கைப்படி சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தியோ நடப்பு நிகழ்வுகளோ ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு அறிவிப்பு, மின்தடை போன்றவை செய்தியாகக் கருதப்படாததால் அவற்றைச் சொல்லலாம். ஆக, நாளைக்கு மின்தடை என்று சொல்லலாம்; மூன்று மாதமாக ஏன் இந்தத் தெருவில் மட்டும் மின்தடை என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுச் சொல்வது செய்தி என்று தடுக்கப்படலாம். யூடியூபில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லும் காலத்தில், முகவரியும் உரிமமும் பொறுப்பான ஆசிரியரும் உள்ள பல்கலைக்கழக வானொலிக்கு உள்ளூர்ச் செய்தியை மறுப்பது எந்த வகையிலும் சரியல்ல. இதை மாற்றச் சொல்லித் தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

யார் செய்தியாளர் ஆகிறார்கள் என்பதும் பல்கலைக்கழகங்களின் கையில்தான் இருக்கிறது. 2019-இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் சேர்ந்து, பெரும்பாலும் ஆங்கில, இந்தி ஊடகங்களில் நடத்திய ஆய்வில், தலைமைப் பொறுப்புகளில் இருந்த 121 பேரில் 106 பேர் உயர்சாதியினர். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. தனியார் நிறுவனங்களில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு அரசுக் கல்லூரியும் மாநிலப் பல்கலைக்கழகமும்தான் வாசல். குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் தெருவைத் தெரியும். காலனியில் கேட்க வேண்டிய கேள்வி தெரியும். மாணவிகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. மாலை ஆறு மணிக்குக் கதவை மூடும் விடுதியில் தங்கிக்கொண்டு, இரவு எட்டு மணி பொதுக்கூட்டத்தை எப்படிச் செய்தியாக்குவது? துறையின் சார்பில் வண்டியும் துணைக்கு ஓர் ஆசிரியரும் ஏற்பாடு செய்தால் தீரும் விஷயம் இது.

சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பது நியாயமில்லை. பத்திரிகையாளர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகளை அரசு 2011-இல் அறிவிக்கை செய்தது, உச்ச நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் உறுதி செய்தது. ஆனாலும் வட்டார அளவில் பகுதிநேர நிருபர்கள் பலருக்கு அச்சேறிய செய்திக்குத்தான் பணம். பெட்ரோல் செலவுக்கே அது சரியாகிவிடும். அந்த நிலையில் உள்ளவரிடம் ஊரின் ஒப்பந்ததாரரை எதிர்த்து எழுது என்று யார் கேட்க முடியும்? உரிமைகள் என்னென்ன, நியமனக் கடிதத்தில் எதைப் பார்க்க வேண்டும், சங்கம் எங்கே இருக்கிறது என்று இறுதியாண்டில் சொல்லித்தர வேண்டும். பெற்றோர் சேர்க்கையின்போது கேட்டால் ஒளிக்காமல் சொல்லவும் வேண்டும்.

ஊருக்குப் பத்திரிகை நடத்தத் துறைகளிடம் ஆள் இருக்கிறதா என்று கேட்பார்கள். நெட் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் உள்ள பேராசிரியர்களில் பலர் செய்தி அறையில் வேலை பார்த்ததில்லை என்பது உண்மைதான். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் இதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. ஒரு துறையில் பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவரை, பட்டத் தகுதி பார்க்காமல் ‘தொழில்முறைப் பேராசிரியர்’ ஆக நியமிக்கலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதம் வரை. ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர்களும், நீதிமன்றச் செய்தியில் பழுத்த நிருபர்களும் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பதற்குத் தேவை மனமும் கொஞ்சம் நிதியும்.

துணைவேந்தரின் தொலைபேசிதான் பெரிய கவலை. மாநகராட்சியைப் பற்றி மாணவர் எழுதினால் மறுநாளே அது ஒலிக்கும். பல்கலைக்கழகத்தைப் பற்றியே எழுதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிசௌரியில் பல்கலைக்கழகத்திலிருந்து தனித்து நிற்கும் லாப நோக்கற்ற சங்கம் ஒன்றின் பெயரில் செய்தித்தாளை வெளியிட்டார்கள். இங்கும் அப்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். வெளியிலிருந்து ஒரு மூத்த பத்திரிகையாளர், ஒரு வழக்கறிஞர், ஒரு முன்னாள் மாணவர் என்று சிறிய ஆசிரியர் குழு இருந்தால், எதை வெளியிடுவது என்ற முடிவு நிர்வாகத்தின் கைக்குப் போகாது. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த பத்திரிகைகள் பதிவுச் சட்டத்தின்படி விண்ணப்பம் முழுக்க இணையத்தில்தான். பல அலுவலகங்களுக்கு அலைய வேண்டிய வேலை குறைந்திருக்கிறது.

பல்கலைக்கழகங்களில் சேர்க்கை முடிந்து ஜூலையில் வகுப்பு தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று முதல் பருவத்துக்குள்ளேயே மூன்று கிராம சபைகள் வருகின்றன. நாற்பது மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்தால் ஒரு நாளில் இருபது ஊராட்சிகள். ஆகஸ்டில் நிறைவேறிய தீர்மானம் அக்டோபரில் என்ன ஆனது என்று கேட்கலாம். நவம்பரில் மறுபடியும் கேட்கலாம். பொங்கலுக்குள் அறுபது கூட்டங்களின் குறிப்புகள் கையில் இருக்கும். ஒன்றியவாரியாகப் பிரித்து, பெயர்களையும் தொகைகளையும் இருமுறை சரிபார்த்து, அந்தந்த ஊர் நூலகத்திலும் டீக்கடையிலும் கிடைக்கும்படி முதல் இதழைக் கொண்டுவந்துவிடலாம்.